பேட்டரியைக் கழற்றிய பிறகு

எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "ஆக்டிவ் பிக்கப்பை எடுத்துட்டு பாசிவ் போடு, கிட்டார் மூச்சு விட ஆரம்பிக்கும்." நானும் அதை நம்பித்தான் ஆம்பூரில் ஒரு மெக்கானிக் மேஜைமேல் என் கிட்டாரைப் பிரித்துப் போட்டேன். மாற்றி எட்டு மாதம் ஆகிறது. மாற்றியதில் வருத்தம் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் மேல் இப்போது எனக்கு ஒரு புகார் இருக்கிறது. அது பாதி உண்மை. சொல்லாமல் விடும் மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, கடைசியில் வருகிறேன்.

கிட்டார் பழக்கம் இல்லாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். எலக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே இருக்கும் பட்டைதான் பிக்கப். உள்ளே காந்தமும், அதைச் சுற்றி தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளும் இருக்கும். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விஷயம். இவ்வளவு மட்டும் இருந்தால் பாசிவ். ஆக்டிவ் வகையில் சுருளின் சுற்றுகள் குறைவு. அதில் பிறக்கும் சிறிய சமிக்ஞையை அங்கேயே, பிக்கப்புக்குள்ளேயே, ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கி அனுப்பும். அதற்குத்தான் கிட்டாரின் முதுகில் 9 வோல்ட் பேட்டரி. ராப் டர்னர் 1976இல் தொடங்கிய ஈ.எம்.ஜி. நிறுவனம் இந்த வகையைப் பிரபலமாக்கியது. மெட்டாலிகா ரசிகர்களுக்கு 81 என்ற எண்ணைச் சொன்னாலே புரியும்.

என் கிட்டார் பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, ஆக்டிவ். நாலைந்து வருடம் சர்ச்சிலும் கல்யாண வரவேற்புகளிலும் அதைத்தான் வாசித்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, ஆராதனை நடுவில், சத்தம் முதலில் கரகரத்தது. அடுத்த பாட்டில் சுத்தமாகப் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். ஆக்டிவ் கிட்டாரில் கேபிளைச் செருகினாலே பேட்டரி ஆன் ஆகிவிடும். ஜாக்தான் ஸ்விட்ச். அது குடிப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கில் என்றாலும், மாதக்கணக்கில் கேபிளைப் பிடுங்காமல் விட்டால் எந்த பேட்டரியும் தீரும். புது பேட்டரி ஒன்று போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது, கோபத்தோடு அந்த "மூச்சு விடும்" வாக்கியமும் ஞாபகம் வந்தது.

மேஜைமேல்

பிக்கப்பை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துப் போனேன். ரேடியோ காலத்திலிருந்து சால்டரிங் இரும்பு பிடிக்கும் அந்த அண்ணன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளே எல்லாமே மாத்தணும் தம்பி" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ஆக்டிவ் சுற்றில் வால்யூம், டோன் கன்ட்ரோல்கள் 25 கிலோ ஓம். பாசிவ் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வேண்டும், ஒற்றைச் சுருள் வகைக்கு 250. பழைய 25ஐ அப்படியே விட்டு பாசிவ் பிக்கப்பைப் பற்ற வைத்தால் மேல் சுரங்களின் பளபளப்பு முழுக்க அந்தக் கன்ட்ரோல் வழியாகவே வடிந்துவிடும். கம்பளி போர்த்திய மாதிரி கேட்கும். இணையத்தில் "பாசிவ் போட்டேன், மந்தமாக இருக்கிறது" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். டோன் கன்ட்ரோலில் இருக்கும் கப்பாசிட்டரும் மாறும். ஆக்டிவில் 0.1 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 0.022 போட்டோம். பேட்டரியை இயக்கிய ஸ்டீரியோ ஜாக்கை எடுத்துவிட்டு சாதாரண மோனோ ஜாக் வைத்தோம்.

எல்லாம் பற்ற வைத்து வீட்டுக்கு வந்து ஆம்பில் சொருகினால் ஒரே இரைச்சல். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட் ஒன்று இருக்கிறது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் இரைச்சலும் பாதியாகக் குறைந்தது. அரை மணி கழித்துத் திரும்ப வந்தது. அவர்கள் எப்போது சாப்பிடப் போகிறார்கள் என்று என் கிட்டார் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுபடி மேஜைக்குப் போனோம். அண்ணன் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை ஜாக்கிலும் வைத்தார். "இன்னா தம்பி, கம்பிக்கு எர்த்தே இல்லையே!" ஆமாம், இல்லை. ஆக்டிவாகவே பிறந்த கிட்டார் அது. ஆக்டிவ் பிக்கப்புக்குத் தந்திகளை எர்த்தோடு இணைக்கும் கம்பி தேவையில்லை என்பதால் தயாரித்தவர்கள் போடவே இல்லை. கன்ட்ரோல் அறையிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் மரத்தில் நீளமான மெல்லிய துளை போட்டு, ஒரு கம்பியை இழுத்து பிரிட்ஜின் அடியில் தொடும்படி வைத்தார். உள்சுவர்களில் செம்புத் தாள் ஒட்டினோம். அதன் பிறகு தந்தியில் கை வைத்தால் இரைச்சல் அடங்குகிறது, கையை எடுத்தால் லேசாக எழும்புகிறது. அதாவது என் உடம்பு இப்போது சுற்றின் ஒரு பாகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பில் நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

என்ன மாறியது

சத்தம் மாறியது உண்மை. ஆனால் மாறியது "இயற்கைத்தன்மை" இல்லை.

ஆக்டிவ் பிக்கப் தன் சத்தத்தை உள்ளேயே முடிவு செய்து, தடுப்பு வாசலில் நின்று அனுப்புகிறது. அதற்குப் பிறகு கேபிள் எவ்வளவு நீளம், வால்யூம் எவ்வளவு குறைத்தேன் என்பதெல்லாம் அதை அதிகம் பாதிக்காது. பாசிவ் அப்படி இல்லை. அதன் சுருளும், கேபிளின் கொள்ளளவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒத்ததிர்வு உண்டாக்கும். கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஹம்பக்கரின் தூண்டல் 4.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிள் ஒரு மீட்டருக்கு 100 பைக்கோ ஃபாரட், மற்றவைக்கு இன்னொரு 100. 5 மீட்டர் கேபிளில் அந்த ஒத்ததிர்வு ஏறக்குறைய 3,060 ஹெர்ட்ஸில் விழும். 10 மீட்டர் கேபிள் மாட்டினால் 2,260க்கு இறங்கிவிடும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியே இதைச் சுற்றித்தான். ஆக, வெறும் கேபிளை மாற்றினாலே கிட்டாரின் குரல் மாறுகிறது. வால்யூமைக் குறைத்தால் சத்தத்தோடு கூர்மையும் குறைகிறது. தந்தியை மெதுவாகத் தொட்டால் ஒரு நிறம், அழுத்தித் தட்டினால் வேறு நிறம் என்று எனக்குக் கேட்கிறது.

அப்படியானால் "பாசிவ் தூய்மையான சத்தம்" என்பது தலைகீழ் வர்ணனை. கலப்பில்லாத சத்தம் வேண்டுமானால் ஆக்டிவ்தான் அதற்கு அருகில் இருக்கிறது. பாசிவில் கேபிள், கன்ட்ரோல், ஆம்ப் எல்லாமே கலக்கின்றன. நமக்குப் பிடிப்பது அந்தக் கலப்புதான். "மூச்சு விடுகிறது" என்று சொல்கிறவர்கள் தங்களுக்குக் கேட்பதைச் சரியாகவே கேட்கிறார்கள், காரணத்தைத்தான் தப்பாகச் சொல்கிறார்கள்.

ஒரே கை, இரண்டு பிக்கப்

இதைச் சோதிக்க நல்ல வழி, ஒரே வாசிப்பாளர் ஒரே பாட்டை இரண்டு வகையிலும் வாசித்ததைக் கேட்பது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் அதற்கு வசதியாக இருக்கிறார். 1994 சுற்றுப்பயணத்தின் பதிவான 'பல்ஸ்' ஆல்பத்தில் அவர் கையில் இருப்பது ஈ.எம்.ஜி. ஆக்டிவ் பிக்கப் போட்ட சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர். 2005 ஜூலை 2ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த 'லைவ் 8' மேடையில் அதே 'கம்ஃபர்டப்ளி நம்'மை பாசிவ் பிக்கப் உள்ள தன் பழைய கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வாசித்தார்.

இரண்டையும் ஒரே இயர்ஃபோனில் பலமுறை மாற்றி மாற்றிக் கேட்டேன். 'பல்ஸ்' வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் விளிம்பு தேய்க்கப்பட்ட மாதிரி வருகிறது. நீளமாக நிற்கிறது, சுரங்களுக்கு நடுவே இரைச்சல் இல்லை. அவ்வளவு பெரிய மேடையில், அத்தனை விளக்குகளின் டிம்மர்களுக்கு நடுவே, அந்த அமைதி சாதாரண விஷயமில்லை. 2005 வாசிப்பில் பிக் தந்தியில் படும் இடம் தெரிகிறது, சுரங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், மேடையும் வேறு, நேரமும் வேறு, பதினோரு வருட வயது வித்தியாசம் வேறு. இதில் பிக்கப்புக்கு மட்டும் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கொடுக்க முடியாது. முடிவாகத் தெரிவது ஒன்றுதான்: தந்தியை இழுத்து சுரத்துக்கு மேலே ஏற்றி அங்கே நடுக்கும் அந்த விரல் இரண்டிலும் ஒன்றே. ஆக்டிவ் அதை அழிக்கவில்லை.

அந்தக் கருப்பு கிட்டார் 2019இல் நியூயார்க் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. "பார்த்தியா, பாசிவ்தான் ஜெயிச்சது" என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஏலத்தில் போனது அந்தக் கிட்டாரின் வரலாறு. சிவப்பு கிட்டாரும் அதே ஏலத்தில் சில லட்சம் டாலருக்குப் போனது.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). சாதாரண மாண்டலினில் நாலு ஜோடியாக எட்டுத் தந்திகள். தட்டினால் சத்தம் சீக்கிரம் செத்துப்போகும். அதனால்தான் மேல்நாட்டில் அதை விடாமல் நடுக்கித் தட்டி வாசிப்பார்கள். நீளமான கார்வைக்கும் கமகத்துக்கும் அது ஒத்துவராது. அவர் ஜோடிகளை ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவது தந்தி சேர்த்து, கருவியை எலக்ட்ரிக் ஆக்கினார். மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. 1978இல் ஒன்பது வயதில் மேடையேறிய பையனை யாரும் கொஞ்ச நாளில் அந்தக் கேள்வி கேட்கவில்லை. மின்சாரம் வந்ததால் கமகம் செயற்கையாகிவிடவில்லை. மின்சாரம் இருந்ததால்தான் அந்தக் கருவியில் கமகம் நிற்கவே முடிந்தது. கருவி இயற்கையா செயற்கையா என்று கேட்பதை விட, கை செய்வது காது வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று கேட்பதுதான் சரி.

இந்தக் கேள்வியை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் சித்தப்பா தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கிட்டார் வார் பட்டைத் தோலில் செய்தது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட மாதிரி, கை எண்ணெய் பட்டுப் பட்டு நிறம் ஏறும். பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோம் தோல் ஒரு நாளில் வெட் ப்ளூவாக வந்துவிடும், ஒரே சீராக இருக்கும், தண்ணீருக்குப் பயப்படாது. "பட்டைத் தோல்தானே சித்தப்பா ஒரிஜினல்?" என்று கேட்டேன். "இன்னாடா ஒரிஜினல்? ரெண்டும் தோல்தான். எதுக்குன்னு கேளு. ஷூவுக்கு மேல்தோலா, பெல்ட்டா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டுக்கும் கழிவு இருக்குது. அது எங்க போவுதுன்னும் கேளு" என்றார். பாலாற்றங்கரையில் வாழ்ந்தவர் வேறு எப்படிப் பேசுவார்? தோல் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வேலூர் வழக்கு இந்த மண்ணின் வழக்குதான்.

சொல்லாமல் விட்ட பாதி

இனி என் கிட்டாரின் கழிவு எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன்.

மாற்றி இரண்டு மாதம் இருக்கும். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தல், ஜெனரேட்டர், மூலைக்கு மூலை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தந்தியில் கை வைத்தபடி பாட ஆரம்பித்தேன். மைக்கின் கம்பி வலையில் உதடு பட்டதும் சுருக் என்றது. இடைவேளையில் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து மைக்குக்கும் தந்திக்கும் நடுவே அளந்தேன். எண்பது வோல்ட்டுக்கு மேல். ஆம்ப் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷனில் மூன்று துளை இருந்தது, ஆனால் உள்ளே எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை.

அன்று வந்தது ஆம்பின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சின்ன மின்சாரம். சுருக்கென்று போய்விட்டது. அதே ஆம்பில் ஒரு லைன் கம்பி பழுதாகி உடம்பில் பட்டிருந்தால் 230 வோல்ட்டும் தந்தியில் நின்றிருக்கும். ஸ்டோன் த க்ரோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3ஆம் தேதி, ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டதால் ரசிகர்கள் முன்னாலேயே இறந்தார்.

இதே மாதிரி பந்தல்களில் நாலைந்து வருடம் பாடியிருக்கிறேன், ஒரு தடவை கூட ஷாக் அடித்ததில்லை. அது என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். அதிர்ஷ்டம் இல்லை, ஆக்டிவ் சுற்று. தந்திகள் எதோடும் இணைக்கப்படாததால் ஆம்பிலிருந்து என் கைக்கு வழி இல்லை. உலோகக் குமிழையோ ஜாக்கையோ தொட்டிருந்தால் அங்கே வழி இருந்திருக்கும், ஆனால் வாசிக்கும்போது கை இருப்பது தந்தியில்தானே. இரைச்சலைக் கொல்ல நாங்கள் மரத்தில் துளை போட்டு இழுத்த அந்த ஒரு கம்பிதான் அந்த வழியைத் திறந்தது.

"பாசிவுக்கு மாத்து" என்று அறிவுரை சொல்லும் எத்தனையோ பதிவுகளைப் படித்தேன். கப்பாசிட்டர் அளவு வரைக்கும் சண்டை போடுகிறார்கள். பிரிட்ஜ் கம்பியைப் பற்றிப் பேசினாலும் இரைச்சலுக்காக மட்டும்தான் பேசுகிறார்கள். ஒழுங்கான எர்த் உள்ள ஸ்டூடியோவில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது போதும். பந்தலில் பாடிக்கொண்டே வாசிக்கிறவனுக்குப் போதாது. என் புகார் இதுதான். எந்த இடத்தில் வாசிக்கிறவன் என்று கேட்காமல் சத்தத்தை மட்டும் பேசுவது அரைகுறை விமர்சனம்.

அதனால் யாராவது கேட்டால் நான் சொல்வது: வால்யூம் குமிழைத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறவரா, மெலிதும் கனமும் மாறி வரும் கையா, மாற்றுங்கள். நிறைய டிஸ்டார்ஷன் வைத்து இறுக்கமாக வாசிக்கிறவருக்கு மாற்றத் தேவையே இல்லை, புது பேட்டரியும் கேபிளைப் பிடுங்கும் பழக்கமும் போதும். மாற்றினால் கன்ட்ரோல், கப்பாசிட்டர், ஜாக், பிரிட்ஜ் கம்பி நாலையும் சேர்த்து மாற்றுங்கள். பாடவும் செய்கிறவர் என்றால் ஆம்பும் மிக்ஸரும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடுங்கள். முடிந்தால் கிட்டாருக்கு வயர்லெஸ் வையுங்கள், கேபிள் வழியே துண்டாகிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் நல்லது, ஆனால் அது எர்த்துக்கு மாற்று இல்லை.

எனக்குப் பழைய பிக்கப்பைத் திரும்பப் போடும் எண்ணம் இல்லை. என் கை செய்வது இப்போது எனக்கு நன்றாகக் கேட்கிறது, தப்பும் சேர்த்துத்தான். ஆனால் மேடை ஏறினால் சுருதி சேர்ப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுக்கிறேன். பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவன் முன்னாலும் ஒரு மைக் இருக்கிறது, அதையும் அளந்து விடுகிறேன்.